டாக்குரியாவில் கல் மாற்றிய நாள்

டாக்குரியா ரயில் நிலையத்தில் இறங்கி, மேம்பாலத்தை ஒட்டிய சந்தில் திரும்பினால் வீரபாண்டியனின் டிபன் கடை. பெயர்ப்பலகையில் வங்காளத்தில் பெரிதாகவும், ஆங்கிலத்தில் கொஞ்சம் சிறிதாகவும், தமிழில் எறும்பு ஊர்ந்தது போலவும் ‘சரோஜா டிபன்’ என்று எழுதியிருக்கும். சரோஜா அவர் மனைவி. என்னைப் பலகையில ஏத்திவிட்டுட்டு இவுக கல்லாவுல உக்காந்துக்கிட்டாக என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அவள் சொல்வதுண்டு.

அந்தக் கடையின் தோசைக்கல்லுக்கு முன்னால் நின்றவன் உத்தமன். அந்தப் பெயர் வங்காளத்திலும் உண்டு என்பதால் சந்தில் யாருக்கும் அவன் வேற்றாளாகத் தோன்றவில்லை. மீன்காரரிலிருந்து தபால்காரர் வரை எல்லோருக்கும் அவன் ‘உத்தம்தா’, உத்தமன் அண்ணன். அவன் வங்காளி இல்லை என்று தெரியவரும்போது சிலர் வருத்தப்பட்டதும் உண்டு.

முதுகுளத்தூருக்குத் தெற்கே நெடுங்கரிசல் என்று ஓர் ஊர். மழை பெய்தால் அங்கே மிளகாய், பெய்யாவிட்டால் கரி. சீமைக்கருவேலத்தை வெட்டி அடுக்கி, மண் பூசி மூட்டம் போட்டு, புகைய விட்டு, வெந்த கரியை மூட்டை கட்டினால் லாரி வந்து எடுத்துப் போகும். இருபது வயதுவரை உத்தமன் பாதி வருஷம் மிளகாய்க் காந்தலில் தும்மினான், மீதி வருஷம் கரிப்புகையில் இருமினான். பிறகு கண்மாய் நிரம்பாத வருஷங்கள் அடுத்தடுத்து வந்தன. மிளகாய் போயிற்று. எல்லோரும் கரிக்கு இறங்கியதால் கரியும் விலை போகவில்லை. அந்தச் சமயத்தில்தான், தொண்ணூற்றொன்றில், கல்கத்தாவிலிருந்து முனியசாமி ஊருக்கு வந்தான். கல் ஒன்று காலியாகப் போகிறது, ஆள் வேண்டும் என்றான். ஆட்டுக்கல்லா, மைல்கல்லா என்று உத்தமன் கேட்டான். இரண்டும் இல்லை என்று தெரிந்துகொள்ள அவன் ஹவுரா வரை ரயிலில் போக வேண்டியிருந்தது.

வீரபாண்டியன் கடையில் சேருவதற்கு எந்த நிபந்தனையும் கிடையாது. விலகுவதற்குத்தான் உண்டு. போகிறவன் தன் இடத்துக்கு நெடுங்கரிசலிலிருந்து ஓர் ஆளைக் கொண்டுவர வேண்டும். அவனைப் பழக்க வேண்டும். பிறகு ஒரு காலையில், கடை திறக்கும் முன், இருவரும் ஆளுக்கொரு தோசை ஊற்ற வேண்டும். வீரபாண்டியன் கல்லுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து இரண்டையும் தின்பார். எது யார் ஊற்றியது என்று அவரால் சரியாகச் சொல்ல முடியாவிட்டால் மாவுக் கரண்டி கை மாறும். சொல்லிவிட்டால் போகிறவன் போக முடியாது, இன்னும் ஒரு மாதம் பழக்கிக் கொடுக்க வேண்டும். இதற்குப் பெயர் கல் மாற்றுவது. முனியசாமி அப்படிக் கல் மாற்றிக் கொடுத்துவிட்டுத்தான் அலிப்பூர் கோர்ட் வாசலில் சொந்தமாகத் தள்ளுவண்டி போட்டான். வீரபாண்டியனே எழுபதுகளில் அப்படி வந்து ஒருவனிடம் கரண்டி வாங்கியவர்தான்.

எதற்கு இப்படி ஒரு சட்டம் என்று உத்தமன் முதல் வருஷமே கேட்டான். ஊரில் வானம் ஏமாற்றினாலும் ஒரு வீட்டு அடுப்பு இந்தக் கல்லை நம்பி எரிய வேண்டும், அதுதான் கணக்கு என்றார் வீரபாண்டியன். கேட்டதும் உத்தமனுக்கு அவர்மேல் பெரிய மரியாதை வந்தது. தான் விலக நினைக்கும் நாள் வரும் என்று அப்போது அவனுக்குத் தோன்றவில்லை.

அந்த நாள் வந்தது இரண்டாயிரத்து ஐந்தில், அஷ்வத்தின் வழியாக. துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவரின் மகன் அவன். டாக்குரியாவிலேயே பிறந்து வளர்ந்தவன். தமிழை விட வங்காளம் நன்றாக வரும், இரண்டையும் விட நன்றாகத் தோசை இறங்கும். சால்ட் லேக் செக்டர் ஃபைவில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் சேர்ந்த பிறகும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கல்லுக்கு எதிரில் வந்து நின்றுவிடுவான். அவர்கள் ஆபீசில் கேன்டீன் நடத்த ஆள் தேடுகிறார்கள் என்று அவன்தான் சொன்னான்.

“அட்மின்ல பேசிட்டேன் உத்தம்தா. பூஜோ முடிஞ்ச உடனே ஸ்டார்ட் பண்ணணும். கேன்டீன் பின்னால ஒரு ரூம் குடுப்பாங்க. நீங்க ஃபேமிலிய கூட்டிட்டு வந்துடலாம்.”

கடைசி வாக்கியத்தில் உத்தமனின் கல்லிலிருந்த தோசை தீய்ந்தது.

அவன் மனைவி பாகீரதி நெடுங்கரிசலில் இருந்தாள், ஆறு வயது மகளோடு. கல்யாணமாகிப் பத்து வருஷத்தில் உத்தமன் அவளோடு சேர்ந்தாற்போல் இருந்தது பொங்கலை ஒட்டிய வாரங்கள் மட்டும்தான். கடையின் மேல்தட்டில், மாவு மூட்டைகளுக்குப் பக்கத்தில் படுப்பவன் குடும்பத்தை எங்கே கொண்டுவந்து வைப்பான்? அன்றைக்கே எஸ்.டி.டி. பூத்துக்குப் போய், பக்கத்து வீட்டு நம்பருக்குப் போட்டு, அவளை வரவழைத்து அறையைப் பற்றிச் சொன்னான். எத்தனை ஜன்னல் என்று கேட்பாள் என நினைத்தான். அவள் கேட்டது வேறு.

“தண்ணி?”

“ரூம்பு வாசல்லயே குழாய் இருக்காம்.”

லைன் போய்விட்டதோ என்று அவன் ‘ஹலோ’ போட்டான்.

“இருக்கேன். குழாய நெனச்சுப் பாத்தேன்” என்றாள் பாகீரதி.

மகள் பிறந்த பிறகும் ஒன்றரை மைல் நடந்து, இடுப்பில் ஒன்றும் தலையில் ஒன்றுமாகக் குடம் சுமந்தவள் அவள்.

வீரபாண்டியனிடம் சொன்னபோது அவர் தடுக்கவில்லை. சந்தோஷம் மாப்ளே என்றார். ஆளைக் கொண்டாந்து விட்டுட்டுப் புறப்படு என்றார். துர்கா பூஜைக்கு இன்னும் ஒன்றரை மாதம் இருந்தது. முதல் மாதத்தில் உத்தமன் போனில் தேடினான். அகப்படவில்லை. நேரிலேயே போய்ப் பிடித்து வந்துவிடலாம் என்று லீவு கேட்டான். அதுவரை கல்லை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று வீரபாண்டியன் தோளைக் குலுக்கிக் காட்டினார். தோள் வலி என்று ஆறு மாதமாகத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தவர் அவர்.

கோரமண்டல் எக்ஸ்பிரஸில் முன்பதிவில்லாத பெட்டி. முன்பெல்லாம் சென்னைப் பக்கம் போகும்போது கால் நீட்டிக்கொள்ள இடமிருக்கும், திரும்பி வரும்போதுதான் நெரிசல். இந்தத் தடவை போகும்போதே மூச்சு முட்டியது. பெட்டி நிறைய வங்காளத்துப் பையன்கள். சென்னையில் அடுக்குமாடி கட்டுகிற வேலைக்காம். இவனுக்குத் தமிழ் தெரியும் என்று தெரிந்ததும் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். தண்ணீருக்கு என்ன, சோற்றுக்கு என்ன, எவ்வளவு என்று எப்படிக் கேட்பது என்றெல்லாம் விசாரித்தார்கள். உத்தமன் ஊர் வழக்கப்படியே ‘எம்புட்டு’ என்று சொல்லிக் கொடுத்தான். ஆந்திரா தாண்டும் வரை பெட்டி முழுக்க ‘எம்புட்டு, எம்புட்டு’ என்று ஒத்திகை நடந்தது. கல்கத்தாவுக்கு ஆள் பிடிக்கப் போகிற நேரத்தில் இத்தனை ஆட்கள் வங்காளத்தை விட்டுக் கூடவே வருவது அவனுக்கு வேடிக்கையாக இருந்தது. அதற்குமேல் அதைப் பற்றி அவன் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் அடுத்த ஸ்டேஷனிலேயே இறங்கித் திரும்பியிருக்கலாம்.

ஊரில் ஆள் இல்லை. ஆள் இல்லை என்றால் மனிதர்கள் இல்லை என்று அர்த்தமில்லை. கல்கத்தாவுக்கு வர ஆள் இல்லை. பாதிப் பேர் திருப்பூரில் பனியன் தைத்துக்கொண்டிருந்தார்கள். சிங்கப்பூர் போனவர்கள் வீட்டில் மொட்டைமாடி ஏறியிருந்தது. மிச்சமிருந்தவர்கள் கரிக்கு இப்போது நல்ல விலை என்று மூட்டத்தை விட்டு நகரவில்லை. ஒவ்வொரு வாசலிலும் உத்தமன் கல்லின் பெருமையைச் சொன்னான். கேட்டவர்கள் மோர் கொடுத்தார்கள். அங்கே குளிருமாமே என்றார்கள். மீன் கழுவிய தண்ணீரில்தான் மாவு கரைப்பார்களாமே என்று ஒருவர் கேட்டார். இன்னொருவர் ஒரு படி மேலே போய், நீ ஏன்யா அம்புட்டுத் தொலைவு கெடந்து சாகுற, திருப்பூருக்கு வா, நான் சொல்லிச் சேத்துவிடுறேன் என்றார். ஆள் பிடிக்க வந்தவனை ஆள் பிடித்துவிடும்போல இருந்தது.

கடைசியில் பாகீரதியின் சித்தப்பா மகன் பிரவீண் வருகிறேன் என்றான். புதுச் செல்போனும் தலையில் எண்ணெயுமாகக் கிளம்பினான். சென்னை எழும்பூர் வரை வந்தான். அங்கே போன் அடித்தது. சேக்காளி ஒருவன் செல்போன் கடையில் இடம் இருக்கிறது என்றானாம். நீங்க முன்னாடி போங்க மச்சான், நான் பின்னாலயே வாரேன் என்று பையைத் தூக்கிக்கொண்டு இறங்கியவன் இன்றைக்கு வரை பின்னாலேயே வந்துகொண்டிருக்கிறான்.

எழும்பூருக்கு முன்னால், ஊரிலிருந்து புறப்பட்ட அன்று காலை, பாகீரதி சொன்னதுதான் உத்தமன் காதில் ஹவுரா வரை ஒலித்தது.

“ஆளத் தேடுறேன் ஆளத் தேடுறேன்னு அலையிறீகளே, எங்கள எப்பத் தேடப் போறீக?”

வெறுங்கையோடு சந்தில் நுழைந்தவன் கடையைப் பார்த்து நின்றுவிட்டான். காலை நெரிசல். கல்லில் மூன்று தோசை. கல்லுக்கு முன்னால் நின்றது வீரபாண்டியன் இல்லை, மினதி.

மினதி கேனிங் லோக்கலில் வருகிறவள். மாத்லா ஆற்றுக்கு அந்தப் பக்கம் அவள் ஊர். கரை உடைந்து உப்புத்தண்ணீர் வயலில் ஏறியதும் நெல் போய்விட்டது. கேனிங் ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு குடிசையை வாடகைக்குப் பிடித்துக்கொண்டு, விடிகாலை வண்டியில் டாக்குரியாவுக்கு வந்து, இரண்டு வருஷமாக இந்தக் கடையில் பாத்திரம் தேய்த்துத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் சென்னையில் கட்டட வேலை. தமிழ் முழுக்க இந்தக் கடையில் கற்றதால் ‘முதலாளி வந்துருக்காக’ என்று சுத்தமான ராமநாதபுரத்து மரியாதையோடுதான் பேசுவாள். சரோஜாவை மட்டும் வங்காள முறைப்படி ‘மாமி’ என்று கூப்பிடுவாள். நான் என்னைக்குடி மாமியானேன் என்று சரோஜா சிரிப்பாள்.

நடந்ததைச் சரோஜா சொன்னாள். முதல் இரண்டு நாள் வீரபாண்டியன் கல்லில் நின்றார். மூன்றாம் நாள் கை தோளுக்கு மேல் எழும்பவில்லை. வாடிக்கைக்காரர்கள் வரிசையில் நின்று சத்தம் போட, மினதி கையைத் துடைத்துக்கொண்டு வந்து மாவை ஊற்றிவிட்டாள். மெல்லிசாக, வட்டமாக, ஓரம் முறுகலாக. எங்கேடி கத்துக்கிட்ட என்று கேட்டதற்கு அவளுக்குக் கேள்வியே புரியவில்லை. அரிசியும் உளுந்தும் அரைத்து ஊற்றும் ‘சொருசாக்லி’ அவர்கள் ஊரில் மார்கழி தை மாதத்தில் வீட்டுக்கு வீடு செய்வதுதானாம். இரண்டு வருஷமாகத் தோசைக்கு ரெண்டடி தள்ளி நின்று பாத்திரம் தேய்த்தவளை யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. நீங்கள் எல்லோரும் இதை ரொம்பப் பெரிய வித்தையாகப் பேசிக்கொண்டிருந்தீர்கள், குறுக்கே பேச வேண்டாம் என்று விட்டுவிட்டேன் என்றாளாம் மினதி.

ஒரே ஒரு வித்தியாசம். உத்தமன் கல்லில் எண்ணெய் தடவுவது பாதியாக நறுக்கிய வெங்காயத்தால். மினதி தடவியது கத்தரிக்காய்க் காம்பால். அவர்கள் ஊரில் அப்படித்தான்.

உத்தமனுக்கு முதலில் சுருக்கென்றது. பதினான்கு வருஷம் நின்ற இடத்தில் தான் இல்லாதது யாருக்கும் தெரியவே இல்லையே என்று. சட்னி இன்னொரு கரண்டி கேட்டு வந்த தபால்காரர் அவனைப் பார்த்து, எங்கேயாவது போகிறாயா உத்தம்தா என்று வேறு விசாரித்தார். போய்விட்டு வந்தாயிற்று என்று சொல்ல வாய் வரவில்லை. பிறகு மெல்ல அவனுக்கு மண்டையில் ஏறியது. தேடிப் போன ஆள் கடையிலேயே அல்லவா நிற்கிறது.

வீரபாண்டியன் ஒத்துக்கொள்ளவில்லை. அவசரத்துக்கு நின்றது வேறு, கல் மாற்றுவது வேறு என்றார். பொம்பளை நிற்கக் கூடாதென்று இல்லை, வங்காளி என்றும் இல்லை. ஊர்தான் முக்கியம்.

“கல்லுல நம்ம ஊரு ஆளு இல்லேன்னா, எனக்கும் ஊருக்கும் என்ன மாப்ளே இருக்கு?”

அதற்குள் பூஜைப் பந்தலுக்குத் துணி கட்ட ஆரம்பித்துவிட்டார்கள். அஷ்வத் வந்து, அட்மினில் வேறு ஒருவரையும் விசாரிக்கிறார்கள் என்று தலையைச் சொறிந்தான். அன்று மத்தியானம் கடை ஓய்ந்ததும் உத்தமன் அவர் எதிரில் உட்கார்ந்து, ஊரில் பார்த்ததை ஒன்று விடாமல் சொன்னான். மொட்டைமாடிகளை, பனியன் கம்பெனியை, மோரை, பிரவீணை. தன்னையே திருப்பூருக்குக் கூப்பிட்டதைச் சொன்னபோது சரோஜா வாயில் முந்தானையைப் பொத்திக்கொண்டாள். வீரபாண்டியன் சிரிக்கவில்லை.

“அப்ப ஊருக்கு இந்தக் கல்லு வேணாமா?”

“ஊரு பொழச்சுக்கிருச்சு மாமா.”

அவர் வெளியே பார்த்துக்கொண்டு இருந்தார். சரோஜாதான் பேச்சை எடுத்தாள்.

“நல்ல சேதி சொன்னா எழவு சேதி கேட்ட மாதிரி இருக்கீக. நாம தண்ணி இல்லாம வந்தோம். அவ தண்ணி ஏறி வந்திருக்கா. கல்லுக்கு அது தெரியுமா?”

வீரபாண்டியன் துண்டை மடித்துப் பிரித்தார். பிறகு, சரி, சட்டப்படியே பார்த்துவிடுவோம் என்றார். அவர் குரலில் ஒரு தெம்பு இருந்தது. நாக்கை ஏமாற்றினாலும் தன் மூக்கை ஏமாற்ற முடியாது, வெங்காயம் பட்ட கல்லையும் படாத கல்லையும் தெருக்கோடியில் நின்றே சொல்லுவேன் என்று பலமுறை சொல்லிக்கொண்டவர். இது மற்ற மூவருக்கும் தெரியும்.

மறுநாள் காலை, மினதியின் ரயில் வந்ததும், கடையின் பாதிக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கல் மாற்றினார்கள். வீரபாண்டியன் குளித்துத் திருநீறு பூசி, தெருவைப் பார்த்து உட்கார்ந்தார். கல் காய்ந்தது. உத்தமன் முதலில் போனான். பாகீரதியின் குரல், குழாய், அறை எல்லாம் நெஞ்சில் ஒன்றாக இரைந்தன. கை வழக்கம்போல் வெங்காயத்துக்குப் போனது. போன கையை இழுத்துக்கொண்டான். மாமா வெங்காயத்தைத்தானே தேடுவார்? தன் தோசையிலும் அது இல்லாவிட்டால் இரண்டும் ஒன்றுபோல ஆகிவிடுமே. சத்தம் காட்டாமல் கத்தரிக்காய்க் காம்பை எடுத்து எண்ணெயில் தோய்த்துத் தடவி ஊற்றினான்.

எடுத்துத் தட்டில் வைத்துவிட்டு ஒதுங்கி, அடுப்புக்கு விறகு எடுக்கப் பின்பக்கம் போய்விட்டான். அங்கே நின்று பார்க்க அவனால் முடியவில்லை. மினதி வந்தாள். கல்லைத் துடைத்தாள். அவள் கை காம்புக்குப் போய், அங்கேயே தயங்கி, வெங்காயத்தை எடுத்தது.

சரோஜா இரண்டையும் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு தட்டையும் இடவலம் மாற்றி எடுத்துப் போய்ப் புருஷன் முன்னால் வைத்தாள்.

வீரபாண்டியன் சட்னி தொடாமல் தின்றார். ஒன்றில் ஒரு விள்ளல், மற்றதில் ஒரு விள்ளல். கண்ணை மூடி முகர்ந்தார். அவர் முகம் மலர்ந்தது. இடது தட்டைத் தட்டிக் காட்டினார்.

“வெங்காயம். இது உத்தமன் கை. ஓரம் பாரு, அவனுக்குத்தான் இப்படி முறுகும். அது அந்தப் புள்ளையோடது. நல்லாத்தான் இருக்கு, ஆனா கத்துக்கணும்.”

விறகோடு வந்த உத்தமன் தட்டையும் மினதியையும் மாறி மாறிப் பார்த்தான். மினதி தரையைப் பார்த்தாள். சரோஜாவுக்குத்தான் தோள் குலுங்கியது.

“நீங்க கத்துக்கணும்னு சொன்னது ஒங்க மாப்பிள்ளையோட தோசைய” என்றாள்.

வீரபாண்டியன் திரும்பி உட்கார்ந்தார். தட்டுகளை இன்னொரு தடவை முகர்ந்தார். பிறகு அவரே சிரிக்க ஆரம்பித்து, அது இருமலாகி, சரோஜா தண்ணீர் கொடுக்க வேண்டியதாயிற்று. எழுந்து போய் மாவுக் கரண்டியைக் கழுவித் துடைத்தார். கொடுப்பதற்கு முன், எல்லோரிடமும் கேட்கும் கேள்வியை மினதியிடமும் கேட்டார்.

“போறப்ப ஊர்லேருந்து ஆளக் கொண்டாந்து விட்டுட்டுத்தான் போகணும். சம்மதமா?”

“எங்க ஊர்ல ஆளு இருக்காக மாமா. ஒரு ட்ரெய்ன் நெறைய இருக்காக” என்றாள் மினதி.

கரண்டி கை மாறியது. அடுத்த வாரமே அவளுடைய நாத்தனார் பாத்திரம் தேய்க்க வந்துவிட்டாள். விஜயதசமி அன்று இனிப்பு கொடுத்துக்கொள்ளும்போது சரோஜா வெங்காய விஷயத்தைப் போட்டு உடைத்தாள். எனக்கு அப்பவே தெரியும் என்றார் வீரபாண்டியன். அதை ஒருவரும் நம்பவில்லை. உத்தமனுக்கு மட்டும் இன்றும் கொஞ்சம் சந்தேகம் உண்டு.

பூஜை முடிந்து இரண்டாம் வாரம் பாகீரதி மகளோடு ஹவுராவில் இறங்கினாள். செக்டர் ஃபைவ் வரை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தாள். அறையைத் திறந்து காட்டினான். சரி என்றாள். வாசலில் குழாய் இருந்தது. மெல்லத் திருகினாள். தண்ணீர் கொட்டியது. மகள் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றாள். பாகீரதி பையிலிருந்த பாத்திரம் ஒவ்வொன்றாக வெளியே எடுத்து நிரப்ப ஆரம்பித்தாள். சொம்பு நிறைந்தது, தூக்குவாளி நிறைந்தது, டிபன் பாக்ஸின் மூடிகூட நிறைந்தது.

“இது எப்பங்க நிக்கும்?” என்று பதற்றத்தோடு கேட்டாள்.

“நீ மூடுனா நிக்கும்” என்றான் உத்தமன்.

அவள் மூடிப் பார்த்தாள். நின்றது. திறந்து பார்த்தாள்.